வீட்டுப் பஞ்சம்

நகரங்கள் நாளுக்கு நாள் வீங்குகின்றன. மாடிமேல் மாடியாகக் கட்டிடங்கள் எழும்புகின்றன. ஆனால் உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு அங்கே ஒரு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது. குமாஸ்தா, வாத்தியார், பஸ் கண்டக்டர், நர்ஸ், நிரந்தர வேலையில் உள்ள மில் தொழிலாளி ஆகியோருக்கு மாதம் பிறந்தால் முதல் கவலை வாடகைதான். வீட்டுக்காரருக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதில்தான் அரிசியும் பருப்பும், பள்ளிக் கட்டணமும் மருந்தும்.

“மத்தியதர வருமானக்காரரின் வீட்டுக் கவலையில் கூலிக்காரனாகிய எனக்கு என்ன சம்பந்தம்?” என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மத்திய சர்க்கார் அமைத்த நிபுணர் குழு ஒன்று 2012-ல் கணக்கெடுத்தபோது, நாட்டின் நகரங்களில் சுமார் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று கண்டது. அதில் 100-க்கு 95 பங்குக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரருக்கும் உள்ள பற்றாக்குறை. முதல் பாத்தியதை அவர்களுடையதே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் நடப்பதைப் பாருங்கள். மாதம் 50 ஆயிரம் வாங்குகிறவர் தம் பேட்டையில் வாடகை கட்ட முடியாமல் பக்கத்துச் சந்துக்கு வருகிறார். அங்கே இருப்பவரைவிட 2 ஆயிரம் கூடக் கொடுக்கிறார். அங்கே இருந்த கூலிக் குடும்பம் ஊர்க்கோடிக்குப் போகிறது. வேலைக்குப் போய்வர தினமும் 3 மணி நேரம் பஸ்ஸில் கழிகிறது. ஊர்க்கோடியிலும் வயல்கள் பிளாட்டுகளாகி விற்கப்படுகின்றன. நாற்று நட்ட பெண்கள் அதே நிலத்தில் சித்தாளாகச் செங்கல் சுமக்கிறார்கள். ஆக, மேலே ஒருவரைத் தள்ளினால் அடி கடைசியில் நம்மீதுதான் விழுகிறது.

சர்க்கார் என்ன செய்கிறது? கடன் வாங்கி வீடு கட்டிக்கொள் என்கிறது. 2024-ல் தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், வருஷ வருமானம் 9 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு வட்டிச் சலுகை உண்டு. வீட்டின் விலை 35 லட்சத்துக்கும் கடன் 25 லட்சத்துக்கும் மேற்படக் கூடாது. சலுகை அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம். அதுவும் 5 வருஷத் தவணையில்.

நாமே கணக்குப் போடுவோம். 25 லட்சம் கடன், 100-க்கு 9 வட்டி, 20 வருஷத் தவணை என்று வைத்துக் கொண்டால் மாதம் சுமார் 22,500 ரூபாய் கட்ட வேண்டும். 50 ஆயிரம் சம்பளத்தில் இது ஏறக்குறைய பாதி! முடிவில் வட்டி மட்டும் சுமார் 29 லட்சம். அதில் 1 லட்சத்து 80 ஆயிரம் சலுகை என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தப் பொரியும் யார் வாய்க்குப் போகிறது? நிலத்தின் விலைக்குக் கடிவாளம் இல்லாதவரை, நிலம் விற்பவரும் கட்டிட முதலாளியும் விலையை ஏற்றி அதையும் எடுத்துக் கொள்ளலாம்.

வாடகைக்கு இருப்போரின் நிலைமை என்ன? தமிழ்நாட்டில் 1960-ம் வருஷச் சட்டத்தின் கீழ் நியாய வாடகை நிர்ணயிக்கக் கோர்ட்டுக்குப் போக வழி இருந்தது. 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த புதிய சட்டம் அதை எடுத்துவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதியதே வாடகை. அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். ஆனால் ஒப்பந்தம் வேறுவிதமாக இருந்தால் பரவாயில்லை என்றும் சேர்த்திருக்கிறது! வீடு தேடி அலைகிறவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட மாட்டார்?

மில் தொழிலாளர்கள் பம்பாயின் பாடத்தை மறக்கக் கூடாது. 1982-ல் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் அங்கே வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1991-ல் வந்த விதிப்படி, மில் நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்பினால் ஒரு பங்கு நகரசபைக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, ஒரு பங்குதான் முதலாளிக்கு. 2001-ல் விதி திருத்தப்பட்டது. கட்டிடம் இல்லாத காலியிடத்தில் மட்டுமே பங்கு என்றாயிற்று. 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. குலுக்கலில் ஆயிரக்கணக்கானோருக்கு வீடு கிடைத்தது உண்மை. காத்திருப்போர் அதைவிடப் பன்மடங்கு. தறி ஓடிய இடத்தில் இன்று கோடீஸ்வரர்களின் மாளிகைகள்.

வேறு வழியே இல்லையா? வியன்னா நகரத்தைப் பாருங்கள். முதல் உலக யுத்தத்துக்குப் பின் அங்கே வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1923-ல் நகரசபை வீட்டு வரி போட்டது. மாளிகைக்காரர் மிக அதிகமும், சிறு வீட்டுக்காரர் மிகக் குறைவும் கட்டினர். அந்தப் பணத்தில் 1934-க்குள் 60 ஆயிரத்துக்கு மேல் வீடுகள் கட்டிக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார்கள். இன்றும் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் வீடுகள் நகரசபைக்குச் சொந்தம். தொழிலாளியும் வாத்தியாரும் ஒரே கட்டிடத்தில் குடியிருக்கிறார்கள். ஏழைக்கென்று ஊர்க்கோடியில் தனிக் காலனி, நடுத்தரக்காரருக்குக் கடன் பத்திரம் என்று பிரிக்கவில்லை.

ஆகவே நாம் கோருவது இதுதான். சர்க்கார் நிலத்தையும் மூடிய ஆலைகளின் நிலத்தையும் ஏலம் விடாதே. அங்கே வாடகை வீடுகள் கட்டு. வாடகை வருமானத்துக்குத் தக்கபடி இருக்கட்டும். அட்வான்ஸுக்கு ஓட்டையில்லாத வரம்பு வை. 2011 ஜனத்தொகைக் கணக்கின்போது நகரங்களில் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. லாபத்துக்காகக் காலியாகப் போட்டு வைக்கும் வீடுகளுக்கு வரி போடு. ஆற்றோரக் குடிசைகளைக் காலி செய்தால் பிழைப்பு உள்ள இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கொடு.

இவற்றை மில் தொழிலாளி தனியாகக் கேட்டாலும் கிடைக்காது, குமாஸ்தா தனியாக மனுப் போட்டாலும் கிடைக்காது. உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களைக் கூட்டுங்கள். யார் எவ்வளவு வாடகை, எவ்வளவு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்துத் தெரு வாத்தியாரையும் அழையுங்கள். அந்தக் கணக்குடன் எல்லோரும் சேர்ந்து நகரசபை வாசலுக்குப் போவோம்.