திறவாதே என்று தடுப்பவன் எவன்?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுமுறை முடித்துக் காலையில் வீடு திரும்பும் தமிழிளைஞனே! உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இரவெல்லாம் நீ எஃகுலையின் முன் நிற்கிறாய். உருட்டாலையில் செந்தழலாய் வெளிவரும் கம்பியைக் குறட்டாற் பற்றித் திருப்புகிறாய். பழுதுற்ற மின்னோடியைக் கழற்றித் தேய்ந்த தாங்கியை மாற்றி மீண்டும் ஓடவிடுகிறாய். அத்தகைய நீ, உன் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின்கீழ் இருக்கும் விளையாட்டுப் பெட்டி மாவரைக்கும் எந்திரம்போல் இரைந்து, தொட்டாற் சுடுமளவிற்குக் காய்ந்து, ஆட்டத்தின் நடுவே தானே அணைந்து போகும்போது, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் விரலகல ஒட்டுத்தாளைக் கண்டு ஏன் கைகட்டி நிற்கிறாய்?

அத்தாளில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பது இவ்வளவே: இதனை அகற்றினால் பொறுப்புறுதி, அதாவது ஊரார் 'வாரண்டி' என்று வழங்குவது, நீங்கிவிடும். நீ பெட்டி வாங்கி ஐந்தாண்டு ஆயிற்று. பொறுப்புறுதியோ ஓராண்டிலேயே தீர்ந்து போயிற்று. தீர்ந்துபோன ஒன்று இனி எப்படி நீங்கும்? செத்த காவலனின் தடியைச் சுவரில் மாட்டிவைத்து அதற்கு நாள்தோறும் வணக்கஞ் சொல்வது போன்றதன்றோ இது! ஆங்கிலத்தில் எழுதிய எதுவும் ஆணையே என்று உன் பாட்டன் காலத்திலிருந்து நம்மைப் பழக்கிவிட்டனர். அப்பழக்கம் இன்று ஒரு பொம்மைப் பெட்டியின் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு கட்டுரையா?' என்று மூத்தோர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். 2021 பிப்பிரவரியில் சோனி நிறுவனத்தின் ஐந்தாம் பிளேசுடேசன் இந்தியாவிற்கு வந்தபோது அதன் விலை 49,990 உருவா. ஒப்பந்தக் கூலி பெறும் இளைஞன் ஒருவனின் சில திங்கள் உழைப்பு அப்பெட்டிக்குள் அடைந்து கிடக்கிறது. அதனை அவன் வாங்கியது சரியா என்பதை வேறொரு நாள் வழக்காடுவோம். அதில் எனக்கும் மூத்தோர் பக்கம் சாய்வு உண்டு. ஆனால், வாங்கிய பின் அஃது அவன் பொருள். தன் பொருளைத் தான் திறந்து பார்க்க ஒருவன் இன்னொருவனிடம் இசைவு கேட்டு நிற்பது விளையாட்டன்று.

பெட்டிக்குள் நடப்பதில் மறைபொருள் ஒன்றுமில்லை. நகத்தினும் சற்றே பெரிய நுண்சில்லு ஒன்று கணக்கிடுகிறது, கணக்கிடுங்கால் காய்கிறது. அதன்மேல் வெப்பப்பசை பூசி, செம்போ அலுமினியமோ கொண்டு செய்த தகட்டடுக்கு ஒன்றை அழுத்திப் பூட்டியிருப்பர். சில்லின் சூடு பசைவழியே தகட்டிற்கு ஏறும். விசிறி காற்றைத் தள்ளி அச்சூட்டை வெளியேற்றும். சூடு மிகமிக விசிறியும் விரைந்து சுழலுமாறு அமைத்துள்ளனர். ஆகலின், இரைச்சல் கேட்டால் உள்ளே சூடு தேங்குகிறதென்று பொருள். தகட்டின் இடுக்குகளில் தூசி அடைத்திருந்தால் காற்றுப் புகாது. பசை உலர்ந்து கோடைக்குளத்து மண்போல் வெடித்திருந்தால் சூடு தகட்டிற்கு ஏறாது. விசிறியின் தாங்கி தேய்ந்திருந்தால் கரகரவென்று அரைக்கும். இவற்றோடு நம் வீட்டுப் பெருமை ஒன்றும் சேரும். கண்ணாடிக் கதவிட்ட பேழைக்குள் பெட்டியை வைத்து, அதன்மேல் பின்னல்துணி விரித்து, துணியின்மேல் ஒரு பொம்மையையும் உட்கார வைப்போம். கருவிகளுக்குப் பொட்டிடும் நாளில் அதற்கும் பொட்டிடுவோம். அது மூச்சுவிட ஒரு சாண் இடம் மட்டும் கொடுக்க மாட்டோம்.

இந்நோய் எங்கும் உண்டெனினும் திருவள்ளூர் மாவட்டத்தில் கடிது. திருத்தணியின் கோடை வெயில் செல்சியசு அளவில் 40 பாகையைத் தாண்டுவது நாம் பழகிப்போன செய்தி. அறைக்காற்றே கொதிக்கும்போது விசிறி எதனைக்கொண்டு தகட்டைக் குளிர்விக்கும்? கும்மிடிப்பூண்டியிலோ வெயிலோடு எஃகாலைகளின் புகையும் இரும்புத்துகளும் சேர்கின்றன. தெற்கே அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல். கிழக்கே பழவேற்காட்டின் உப்புக்காற்று. பஞ்சுத்தூசி காற்றை அடைப்பதோடு நிற்கும். இரும்புத்துகள் மின்னையும் கடத்தும். அதனோடு உப்பீரம் கலந்தால் செம்புத்தடங்கள் பச்சை பூத்து அரிக்கத் தொடங்கும். வேற்றூரில் ஆண்டுக்கொரு முறை துப்புரவு செய்தாற் போதுமெனின், இங்கே மூன்று நான்கு திங்களுக்கொரு முறையேனும் செய்தாக வேண்டும். அதே துகள் உன் மகவின் மூச்சிலும் புகுகிறது என்பதை இவ்விடத்திற் சொல்லாமற் போக மனம் வரவில்லை. பெட்டியைத் திறந்தால் அதன் அளவைக் கண்ணாற் காண்பாய்.

'செய்தவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?' என்பார் உளர். மைக்ரோசாப்டு நிறுவனத்தின் எக்சுபாக்சு 360 என்னும் பெட்டியின் கதை அவர்களுக்காகவே நடந்தது. 2005-இல் வெளிவந்த அப்பெட்டி, முகப்பில் மூன்று செவ்விளக்குகள் எரியச் செத்துச் செத்து விழுந்தது. பெட்டி ஓடும்போது காய்வதும் நிறுத்தும்போது ஆறுவதுமாக மாறிமாறி நிகழ, சில்லுக்கடியில் இருந்த நுண்ணிய பற்றாசு இணைப்புகள் விரிசல் கண்டன. 2007 சூலையில் அந்நிறுவனமே பொறுப்புறுதியை மூன்றாண்டாக நீட்டி, அதற்கென நூறு கோடி தாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. உலகப் பெருநிறுவனத்தின் பொறியாளர் கூட்டமே சூட்டின்முன் தோற்றது. குற்றம் செய்தவனிடம் இருக்க, 'நீ தொட்டதனால் கெட்டது' என்று வாங்கியவனை மிரட்ட ஓர் ஒட்டுத்தாள்!

அத்தாளின் வண்டவாளம் அயல்நாட்டில் முன்னரே வெளிப்பட்டது. அமெரிக்காவில் 1975 முதல் பொறுப்புறுதிச் சட்டமொன்று உண்டு. நிறுவனம் சுட்டும் உறுப்பையோ பணிமனையையோதான் பயன்படுத்த வேண்டும் என்று பொறுப்புறுதிக்கு விலங்கு பூட்டுதலை அது பொதுவாகத் தடுக்கிறது. 2018 ஏப்பிரலில் அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கை மடல் விடுத்தது. அவற்றுள் சோனி, மைக்ரோசாப்டு, நிண்டெண்டோ என்னும் விளையாட்டுப் பெட்டி மூவரும் இருந்தனர். அங்கே ஆணையம் தட்டிக்கேட்ட தாளுக்கு இங்கே நாம் பணிந்து கிடக்கிறோம்.

தில்லி என்ன செய்தது? நுகர்வோர் துறை 2022 சூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசியும் பலகைக் கணினியும், நீடித்துழைக்கும் வீட்டுப்பொருள்கள், ஊர்திகள் என நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு திசம்பர் 24-இல் ஒரு வலைவாயிலும் திறந்தனர். நல்லதே. ஆயினும் குழு அமைத்ததும் வாயில் திறந்ததும் சட்டமாகா. 2023 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின் பட்டியலில் விளையாட்டுப் பெட்டியின் பெயர் தவறாமல் இருக்கிறது. குப்பையானபின் அதற்கொரு விதியுண்டு. குப்பையாகாமற் காப்பதற்கு நீயும் உன் திருப்புளியுமே துணை. அக்குப்பையின் நச்சு இறுதியில் எங்கே வந்து சேரும் என்பதைக் கும்மிடிப்பூண்டியாருக்கு விளக்கவும் வேண்டுமோ? இடரார்ந்த தொழிற்கழிவுகளைப் புதைக்கும் நிலக்குழி அவர்கள் தொழிற்பேட்டைக்குள்ளேயே இருக்கிறது.

இனிக் கைவேலைக்கு வருவோம். முதலில் மின்னிணைப்பைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிடு. உள்ளே மின்வழங்கி தனிக்கூட்டில் மூடப்பட்டிருக்கும். அதனை முழுதாகக் கழற்றி அப்பால் வைக்கலாம். அக்கூட்டை மட்டும் உடைத்துத் திறவாதே. அதிலுள்ள மின்தேக்கிகள் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அடிக்கவல்லன. நான்காம் பிளேசுடேசனின் பின்புறத் திருகாணித் தலையில் ஆறுமுனை விண்மீன்போல் ஒரு பள்ளமும் அதன் நடுவே ஒரு முள்ளும் இருக்கும். நம்மைத் தடுக்கவே செய்த பூட்டு அது. அதற்கேற்ற திருப்புளி, புறநகர்த் தொடர்வண்டி ஏறிச் சென்னை போனால், அண்ணாசாலையை அடுத்த இரிச்சித் தெருவில் ஒருவேளைச் சோற்று விலைக்குக் கிடைக்கும். கழற்றும் திருகாணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு தாளில் வரிசையாக வை. எது எங்கே இருந்ததென்று கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்.

விசிறியை விரலால் அசையாமற் பிடித்துக்கொண்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் தகட்டிடுக்குகளைத் துடை. பிறகு காற்றூதியால் ஊது. விசிறியைப் பிடியாமல் ஊதினால் அது தறிகெட்டுச் சுழன்று தாங்கியைக் கெடுக்கும். ஈரத்துணி கூடவே கூடாது. பசை மாற்றுவதாயின், பழையதை 'ஐசோபுரோப்பைல் ஆல்ககால்' தோய்த்த துணியால் வழித்தெடுத்து, புதியதைத் துவரம்பருப்பளவு வைத்துத் தகட்டைப் பூட்டு. அதன் திருகாணிகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கு. ஐந்தாம் பிளேசுடேசனுக்கு இவ்வேலை ஆகாது. அதில் பசைக்குப் பகரமாக நீர்மநிலை மாழை இட்டிருக்கின்றனர். அது சிந்தினால் பலகையே போயிற்று. ஆனால் அப்பெட்டியின் வெளித்தகடுகள் திருப்புளியின்றிக் கையாலேயே கழலும். தூசி உறிஞ்சியெடுக்கத் துளைகளும் வைத்துள்ளனர். 2020 அத்தோபரில் சோனியின் பொறியாளரே அதனைக் கழற்றிக் காட்டிப் படம் வெளியிட்டார். திறக்கலாம் என்று செய்தவனே ஒப்புக்கொண்டான், பார்!

தூசியும் பசையும் சரியான பின்னும் கரகரப்பு நிற்கவில்லையெனில் விசிறியை மாற்று. அதன் நடுவில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் கடைக்காரர் எடுத்துத் தருவார். பெட்டியைத் துண்டால் சுற்றிச் சூடேற்றினால் பற்றாசு உருகி ஒட்டிக்கொள்ளும் என்றொரு பொய் மருத்துவம் ஊரில் உலவுகிறது. அதனை நம்பாதே. சூட்டால் வந்த கேட்டிற்குச் சூட்டையே மருந்தாக்கினால், ஓரிரு கிழமை ஓடி ஒரேயடியாகப் படுத்துவிடும்.

மேலே நான் எழுதிய வேலைக்கு எத்தனை அயற்சொல் வேண்டியிருந்தது? திருப்புளி, திருகாணி, தகடு, பசை, விசிறி, தூரிகை, பற்றாசு. பற்றாசு நம் பொற்கொல்லர் பட்டறைச் சொல். திருப்புளி நம் ஊர்ப் பணிமனைச் சொல். ஆயினும் பெட்டியோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பார்! 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் ஏழு கோடிப் பேருக்கு மேல் வாழ்கின்றனர். அவர்கள் காசு மட்டும் வேண்டும். அவர்கள் மொழியில் 'தூசி துடை' என்று ஒரு வரி எழுத அந்நிறுவனங்களுக்கு மனம் வரவில்லை. நம்மவரையும் விட்டுவிடுதற்கில்லை. 'வெப்பத்தகடு' என்பதா, 'வெப்பவாங்கி' என்பதா என்று மூன்று கூட்டம் நடத்திக் கலைவோம். திருப்புளி பிடித்த கை ஒன்றும் அக்கூட்டத்தில் இராது. கோவை கோ. து. நாயுடு இளமையில் உணவுவிடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் மிதிவண்டி வாங்கினார். வாங்கி அதனைக் கழற்றிப் போட்டுத்தான் பொறி கற்றார். எந்த ஒட்டுத்தாளும் அவரைத் தடுக்கவில்லை.

செய்யக்கூடியது ஒன்றுண்டு. நெதர்லாந்தின் ஆம்சுடர்டாமில் 2009-இல் ஒரு பழுதுநீக்க மன்றம் தொடங்கினர். கெட்ட பொருளோடு மக்கள் வருவர். வேலையறிந்தோர் உடனிருந்து அவர்கள் கையாலேயே திருத்தவைப்பர். இன்று அத்தகைய மன்றங்கள் பல நாடுகளில் உள்ளன. அவர்களுக்குக் கையறிந்தோரைத் தேடி அழைக்க வேண்டியிருந்தது. நமக்கோ கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் தெருவிற்கு நால்வர் இருக்கின்றனர். திங்களுக்கொரு ஞாயிறு, ஊர் நூலகத்திலோ படிப்பகத்திலோ ஒரு மேசை; அதன்மேல் ஒரு திருப்புளிக் கட்டு, இரண்டு தூரிகை, ஒரு காற்றூதி, ஒரு குழல் வெப்பப்பசை. கழற்றும் முறையைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பெட்டியைக் கொண்டு வருவோரிடம் மின்கம்பியையும் மறவாமல் எடுத்து வரச் சொல்லுங்கள். பூட்டியபின் அங்கேயே ஓட்டிக் கேட்டால்தான் இரைச்சல் போயிற்றா என்பது தெரியும்.