முலாம் பூசிய ஒயர்

திருவள்ளூர் கடை ஒன்றில் 55 இஞ்ச் டிவியின் விலையைப் பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. தீபாவளி போனஸ் பணம். பேசாமல் எப்படி விடுவது? வாங்கியவர் கடம்பத்தூர்க்காரர். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறவர். பில் போடும் நேரத்தில்தான் அந்தப் பெட்டி மேசைக்கு வந்தது. கறுப்பு அட்டை, ஜடை மாதிரி பின்னிய ஒயர், முனையில் தங்க மினுமினுப்பு. விலை 2,800 ரூபாய்.

“இத எடுத்துக்கங்கண்ணா. படம் சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றார் கடைப் பையன்.

அவர் முதுகுக்குப் பின்னால் கொக்கியில், பிளாஸ்டிக் கவருக்குள் 300 ரூபாய் ஒயரும் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய டிவிக்கு முன்னூறு ரூபாய் ஒயரா என்று யாருக்கும் தோன்றும். கடை நம்பியிருப்பதும் அந்த எண்ணத்தைத்தான். டிவியில் விலையைக் குறைத்துக் குறைத்துக் கடைக்கு மிஞ்சுவது சொற்பம். ஒயர், ஸ்டாண்டு, ஸ்டெபிலைசரில்தான் அதைப் பிடிக்க முடியும்.

வாங்குகிறவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒயர் நன்றாக இருந்தால் படம் நன்றாக இருக்கும் என்பதைத் தமிழ்நாடு மொட்டை மாடியில் நின்று கற்றுக்கொண்டது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அதன் பிறகு அரக்கோணம் ரயில் பாதை நெடுக, டிவி வாங்கிய வீடுகளில் ஆன்டெனாக்கள் சென்னையைப் பார்த்து நின்றன. மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார். ஜன்னலில் ஒருவர் கத்துவார். கூடத்தில் டிவி முன்னால் இருப்பவர்தான் நீதிபதி. “தெரியுதா?” “இல்ல, இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே வுடு!” ஆன்டெனாவிலிருந்து இறங்கும் பட்டை ஒயர் மழையில் நனைந்தால் திரையில் புள்ளி விழும். ஒருவர் பாடினால் அவர் தோளோரம் நிழலாக இன்னொருவரும் வாயசைப்பார். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் அப்படி ஆனால் வீடே ரணகளம்.

பிறகு தெருக்கம்பத்தில் கறுப்பு கேபிள் வந்தது. பக்கத்து வீட்டுக்கு ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்தால் நம் வீட்டுப் படம் வெளுத்தது. 2006 செப்டம்பரில் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுக்கத் தொடங்கியபோது, 14 இஞ்ச் பெட்டியும் டிவிடி பிளேயரும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களும் கூரை வீடு வரை போய்ச் சேர்ந்தன. மஞ்சள் லூசானால் படம் அலைபாயும். அழுத்திச் செருகினால் சரியாகும். அத்தனையும் அலையாகப் போன சிக்னல். வழியில் ஒயர் எவ்வளவு தின்றதோ, அவ்வளவு படத்தில் குறைந்தது.

கடைப் பையன் நீட்டிய எச்.டி.எம்.ஐ. ஒயர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. சோனி, பானசோனிக், தோஷிபா உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 2002 டிசம்பரில் வெளியிட்ட இந்த முறையில் ஒயருக்குள் ஓடுவது பூஜ்யமும் ஒன்றும். அந்த முனையில் இருக்கும் சில்லு பூஜ்யத்தையும் ஒன்றையும் பிரித்தறிந்தால் போதும், படம் அனுப்பியபடியே வந்து சேரும். கொரியர் பையன் பழைய மொபெட்டில் வந்தாலும் புது பைக்கில் வந்தாலும் உறைக்குள் இருக்கும் கடிதம் ஒன்றுதான். மோசமான எச்.டி.எம்.ஐ. ஒயர் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்: திரையில் வெள்ளைப் பொறி பறக்கும், ஒரு விநாடி இருட்டி மீளும், அல்லது ‘நோ சிக்னல்’ என்று கைவிரிக்கும். நிறம் கொஞ்சம் ஆழமாகிவிட்டது, முகம் கொஞ்சம் தெளிந்துவிட்டது என்பதெல்லாம் 2,800 ரூபாய் கொடுத்துவிட்ட மனது பார்க்கும் காட்சி. தங்கமுலாமின் வேலை முனை கறுக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. அதுவும் அந்த முன்னூறு ரூபாய் ஒயரிலேயே பெரும்பாலும் உண்டு.

ஒயரை வைத்து எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி இருக்கிறது. 1979இல் நோயல் லீ என்பவர் ஸ்பீக்கர் ஒயர் விற்கத் தொடங்கிய ‘மான்ஸ்டர்’ நிறுவனம், 2004இல் சான் பிரான்சிஸ்கோவின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கே தன் பெயரைச் சூட்டும் அளவுக்கு வளர்ந்தது.

அப்படியானால் எல்லா ஒயரும் ஒன்றா என்றால், இல்லை. வேகத்தில் வித்தியாசம் உண்டு. 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். அவற்றை விநாடிக்கு 60 தடவை மாற்ற, இடைவெளிக்கும் குறியீட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 18 கிகாபிட் ஓட வேண்டும். இதற்குத் தாங்கும் ஒயருக்கு ‘பிரீமியம் ஹைஸ்பீட்’ என்று பெயர். ‘அல்ட்ரா ஹைஸ்பீட்’ என்பது 48 கிகாபிட் வரை. இந்த இரண்டு வகைக்கும் சோதனை உண்டு. தேறிய ஒயரின் அட்டையில் போனில் ஸ்கேன் செய்து பார்க்கக்கூடிய லேபிள் ஒட்டியிருக்கும். பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘2.0’, ‘2.1’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண்கள் கருவிகளுக்கானவை. ஒயரை அந்த எண் போட்டு விற்கக் கூடாது என்பது எச்.டி.எம்.ஐ. உரிமம் தரும் அமைப்பின் விதி. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் ஒரு நடை போய்வந்தால் அந்த விதி படும் பாடு தெரியும்.

இனி, கடம்பத்தூர் வீட்டுக்குள் அந்த ஒயர் என்ன சுமக்கப் போகிறது என்று பார்க்கலாம். வீட்டில் படம் பார்ப்பது பெரும்பாலும் டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில். அது வைஃபை வழியாக நேரே டிவிக்கு வருகிறது, எச்.டி.எம்.ஐ. ஒயருக்கு அங்கே வேலையே கிடையாது. மிச்சம் இருப்பது கேபிள்காரர் கொடுத்த பாக்ஸ். எச்.டி. பாக்ஸ் 1080i அளவில் அனுப்பும்போது ஒயரில் ஓடுவது இரண்டேகால் கிகாபிட்டுக்கும் குறைவு. எஸ்.டி. பாக்ஸாக இருந்தால் மூலப் படத்திலேயே 576 வரிதான். அதற்கு முலாம் பூசிய ஒயர் மாட்டுவது, கரடுமுரடான தெருவில் ஓட்ட ரேஸ் கார் வாங்குவது மாதிரி. பையன் பிஎஸ்5 கேட்டு அடம்பிடித்து வாங்கினால் 48 கிகாபிட் ஒயர் தேவைதான். அதையும் சோனி பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுக்கிறது.

சவுண்ட்பார் மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிவியின் பின்புறம் ‘ஏஆர்சி’ என்று எழுதிய துளை ஒன்றுதான் இருக்கும். அதில் செருகாமல் பக்கத்துத் துளையில் செருகிவிட்டு, சத்தம் வரவில்லை, ஒயர் டூப்ளிகேட் என்று கடைக்குச் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

உண்மையாகவே பணத்தையும் யோசனையையும் செலவழிக்க வேண்டிய இடம் சுவர். கடம்பத்தூரைச் சுற்றிப் புது மனைகளில் வீடு எழும்பிக்கொண்டே இருக்கிறது. டிவிக்கு எலெக்ட்ரீஷியன் வழக்கம்போல் முக்கால் இஞ்ச் பைப்பைப் புதைத்துவிடுகிறார். எச்.டி.எம்.ஐ. ஒயரின் உலோக முனை மட்டும் கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர் அகலம். அதைச் சுற்றிய பிளாஸ்டிக் தலையோடு சேர்ந்தால் 19 மில்லிமீட்டர் பைப்புக்குள் நுழையாது. நுழைந்தாலும் முதல் வளைவில் நின்றுவிடும். பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த பிறகுதான் இது தெரியவரும். அப்புறம் சுவரை உடைக்க வேண்டும், அல்லது வெளியே கேசிங் ஒட்ட வேண்டும். ஒன்றேகால் அல்லது ஒன்றரை இஞ்ச் பைப், கூர்மையான எல்போ இல்லாமல் அகலமான வளைவு, உள்ளே ஒரு நைலான் கயிறு: கட்டும்போது இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

நீளமும் கணக்கில் வரும். டிவிக்குக் கீழேயே பாக்ஸ் இருந்தால் இரண்டு மீட்டர் போதும், எந்த ஒழுங்கான ஒயரும் தாங்கும். கூடத்தின் எதிர்ச் சுவரில் புரொஜெக்டர் மாட்டிப் பத்து, பதினைந்து மீட்டர் இழுக்கும்போதுதான் மலிவு ஒயர் காலை வாரும். அங்கே செம்பை விட்டுவிட்டு ஒளியிழை ஒயருக்குப் போவது நல்லது. அதில் ஒரு முனை பாக்ஸுக்கு, மறு முனை திரைக்கு என்று எழுதியே இருக்கும். மாற்றி மாட்டினால் ஒன்றும் வராது. சுவருக்குள் விட்ட பிறகு அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு அந்த நைலான் கயிறு தெய்வம்.

கடம்பத்தூர்க்காரர் கடைசியில் முன்னூறு ரூபாய் ஒயரையே வாங்கினார். படம் நன்றாகத்தான் வருகிறது. போன ஞாயிறு ராத்திரி, படத்தின் க்ளைமாக்ஸில் திரை உறைந்து நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது. ஆப்பில் ஓடிய படம், மாட்டிக்கொண்டது பிராட்பேண்ட். மகள் போனை எடுத்து நெட்டைப் பார்ப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். டிவிக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடித்து லேசாக ஆட்டினார்.

“இப்போ தெரியுதா பாரும்மா” என்றார்.