விகிதமும் பதமும்

சிற்றளவு விமான, கப்பல், ஊர்தி மாதிரிகளுக்கு ஏர்பிரஷால் வண்ணம் தெளிப்போரிடையே ஓயாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: அக்ரிலிக் வண்ணத்தை எந்த விகிதத்தில் நீர்க்கச் செய்வது? ஒன்றுக்கு ஒன்று என்பார் ஒருவர்; இரண்டு பங்கு வண்ணத்துக்கு ஒரு பங்கு தின்னர் என்பார் மற்றொருவர். கைதேர்ந்தவரோ எண் எதையும் கூறாமல், பால் போல இருந்தால் போதும் என்று முடித்துவிடுவார். கல்விப்புலத்தில் பழகிய காதுக்கு முதலிரண்டு விடைகள் அறிவியலாகவும் மூன்றாவது வாய்ப்பேச்சாகவும் ஒலிக்கும். செயலில் இறங்கினால் மூன்றாவதே பயன் தருகிறது.

விகிதம் ஏன் கைவிடுகிறது? அக்ரிலிக் என்னும் ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஜப்பானின் டமியா அக்ரிலிக்கில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இணக்கமாகக் கலக்கும். ஸ்பெயினின் வயேஹோ வண்ணத்தில் பிசின் நுண்துகள்களாக நீரில் பரவியிருக்கிறது; அதில் அதே ஆல்கஹாலை ஊற்றினால் திரிந்த பாலைப் போலக் கட்டிதட்டிப் போகும். ஏர்பிரஷுக்கென்றே நீர்த்த நிலையில் வரும் வகைக்கு மேலும் தின்னர் தேவைப்படாமலே போகலாம். ஒரே நிறுவனத்தின் புட்டிகளிலும் நிறமிக்கு நிறமி தடிமன் மாறும். பலமுறை திறந்து மூடிய புட்டி கரைப்பானை இழந்து இறுகியிருக்கும். வானிலையும் விலகி நிற்பதில்லை. மே மாதத் தில்லியின் வறண்ட வெப்பத்தில் ஊசிமுனையிலேயே காய்ந்து அடைக்கும் கலவை, ஜூலை மாத மும்பையின் ஈரக்காற்றில் தடையின்றி ஓடும். இத்தனை மாறிகளுக்கும் ஒரே எண்ணை விடையாகச் சொல்வது துல்லியத்தின் தோற்றத்தை மட்டுமே தருகிறது.

பால் என்னும் உவமையும் குறையற்றதன்று. எந்தப் பால் என்ற கேள்வி உடனே எழும். இந்தியப் பால் உறைகளிலேயே 6 விழுக்காடு கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பாலும், 3 விழுக்காட்டு டோன்டு பாலும், 1.5 விழுக்காட்டு டபுள் டோன்டு பாலும் உள்ளன. ஆயினும் அந்த உவமை தனித்து நிற்பதில்லை. அதன் பின்னே ஒரு சோதனை இருக்கிறது. கிண்ணத்தில் கலந்த வண்ணத்தைத் தூரிகையால் உட்சுவரில் ஏற்றிவிட வேண்டும். அது விரைந்து வழிந்து, பின்னே மெல்லிய, சீரான படலத்தை விட்டுச் சென்றால் கலவை தயார். தயிர் போல ஒட்டி நின்றால் தடிப்பு மிகுதி. சுவரில் எதுவும் தங்காவிட்டால் நீர்ப்பு மிகுதி. பிறகு ஒரு கழிவுத் துண்டில் தெளித்துப் பார்க்க வேண்டும். சொரசொரப்பாகப் படிந்தால் தின்னரைக் கூட்டலாம். விளிம்பில் சிலந்திக்கால் போல ஓடினால் வண்ணத்தைக் கூட்டலாம், அல்லது காற்றழுத்தத்தைக் குறைக்கலாம்.

வண்ணத் தொழிற்சாலைகளின் வழியும் இதன் உறவுதான். அங்கே ஃபோர்டு கிண்ணத்தில் வண்ணத்தை நிரப்பி, அடித்துளை வழியாக அது வடிந்து தீர எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கிறார்கள். கலந்த விகிதத்தைக் கேட்பதோடு நில்லாமல், கலவை எவ்வாறு ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். அந்தக் கிண்ணத்துக்கு 100 மில்லிலிட்டர் வேண்டும். மாதிரிக் கலைஞரிடம் இருப்பதோ சில துளிகள். ஆகவே கிண்ணச் சுவரே அவருடைய அளவுகருவியாகிறது.

இங்கே தமிழ்த் தொழில்நுட்ப எழுத்துக்கு ஒரு பாடம் உண்டு. 'கன்சிஸ்டன்சி' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் 'நிலைத்தன்மை' என்று எழுதும் மொழிபெயர்ப்புகள் பெருகிவருகின்றன. "பால் போன்ற நிலைத்தன்மை" என்னும் தொடரைப் படிப்பவர் எதையும் கலக்க முடியாது. தமிழில் இதற்குரிய சொல் 'பதம்'. கம்பிப் பதம், தோசை மாவுப் பதம் என்று அடுப்படி அதைக் கூர்மையாகவே ஆண்டுவருகிறது. பள்ளி இயற்பியல் நூலின் 'பாகுநிலை'யும் அந்த அடுப்படிப் பாகிலிருந்து வந்ததே. கலைச்சொல் பட்டியல்கள் பெயர்களைச் சேர்ப்பதில் முனைப்புக் காட்டும் அளவுக்கு, பதம் பார்க்கும் முறைகளைப் பதிவதில் காட்டுவதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற மொழிக்கு இது புதிய பணியன்று.

தொடங்குபவருக்கு ஓர் எண் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்பது தொடங்குமிடமாக இருக்கட்டும். நிறுத்துமிடத்தைச் சோதனை சொல்லட்டும். ஆய்வகக் கையேடுகளும் செய்முறைப் பாடங்களும் "இவ்வளவு சேர்க்கவும்" என்பதோடு முடிந்துவிடும்போது, மாணவர் எண்ணைச் சரியாகப் பின்பற்றியும் தோற்கிறார். ஏன் தோற்றோம் என்று அறியவும் அவருக்கு வழியில்லை. "இவ்வாறு ஆகும்வரை சேர்க்கவும், ஆனதை இவ்வாறு அறியவும்" என்ற இரண்டு தொடர்களை எழுத, செயலைச் செய்து பார்த்தவரின் கை வேண்டும். கையேடு எழுதும் குழுவில் அந்தக் கைக்கும் ஓர் இருக்கை ஒதுக்கப்பட வேண்டும்.