மூடுவிழாவுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி

2021 மார்ச் 31 அன்று டெல்லி கண்டோன்மெண்டில் நடந்த ஒரு மூடுவிழாவோடு இந்திய இராணுவப் பண்ணைகளின் 132 ஆண்டுக்கால வாழ்வு முடிந்தது. 1889 பிப்ரவரி 1 அன்று அலகாபாத்தில் படைவீரர்களுக்குத் தூய பால் வழங்கத் தொடங்கப்பட்டது முதற்பண்ணை. விடுதலைக்குப் பின் 130 பண்ணைகளும் 30,000 மாடுகளுமாக வளர்ந்த அமைப்பு, இறுதியில் 39 பண்ணைகளாகச் சுருங்கியிருந்தது. சேகட்கர் குழுவின் பரிந்துரையை ஏற்று, அவற்றை மூட 2017இல் அரசு முடிவெடுத்தது.

அந்த முடிவே பிழை என்று நான் வாதிடவில்லை. 1970இல் தொடங்கிய வெண்மைப் பெருக்குத் திட்டத்துக்குப் பின் கூட்டுறவுப் பால் நாடெங்கும் கிடைக்கிறது. மாடு வளர்ப்பது படையின் வேலையன்று என்பதை எவரும் மறுக்க இயலாது. என் வினா வேறு: ஒரு நிறுவனத்தின் பழைய பணி முடிந்துவிட்டால், அது ஈட்டிவைத்த ஆற்றலும் முடிந்துவிட்டதாகப் பொருளா?

இப்பண்ணைகள் பால் மட்டும் கறக்கவில்லை. செயற்கைக் கருவூட்டலிலும் ஒழுங்கமைந்த பால்பண்ணை முறையிலும் இந்நாட்டுக்கு முன்னோடியாக இருந்தவை அவை. மீரட்டிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக நிறுவனத்துடன் இணைந்து, ஹோல்ஸ்டீன் பிரீசியனையும் சாகிவாலையும் கலந்து ‘பிரீஸ்வால்’ என்னும் இனத்தை உருவாக்கிய திட்டம் இப்பண்ணைகளின் மந்தைகளையே நம்பி நடந்தது. இனவிருத்தி ஆய்வுக்குத் தனி மாடு போதாது; தாயும் தந்தையும், கறவையும் நோயும் தலைமுறை தலைமுறையாகப் பதிவான மந்தை வேண்டும். மூடும்போது எடுத்த முடிவோ, மாடுகளை அரசுத் துறைகளுக்கும் பால் கூட்டுறவுகளுக்கும் பெயரளவு விலையில் பிரித்துக் கொடுப்பது. பிரித்துக் கொடுத்தால் மாடு பிழைக்கும், மந்தை பிழைக்காது.

புதிய பணி தேடி வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. ஸ்ரீநகர், அம்பாலா, லக்னோ, கொல்கத்தா, குவாஹாட்டி எனப் பல தட்பவெப்பங்களில் பரவியிருந்த பண்ணைகள் அவை. வெயில் ஆண்டுக்கு ஆண்டு ஏறிவரும் நாட்டில் எந்தக் கலப்பினம் எங்கே தாங்கும், எந்தத் தீவனப்பயிர் எந்த மண்ணில் நிற்கும் என்று ஆராய இதைவிடப் பொருத்தமான களம் எது? ஆனால் பொதுவெளியில் பேசப்பட்டவை எத்தனை ஏக்கர் மிச்சம், எவ்வளவு சம்பளம் மிச்சம் என்பவையே.

‘புதிய பணி என்பது பழைய பதவிகளைக் காப்பாற்றும் சாக்கு’ என்பார்கள். பல வேளைகளில் அது உண்மையே. அதற்கு மருந்து நிபந்தனையும் காலவரையும்தான். சான் பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ படைத்தளத்தை எண்ணிப் பாருங்கள். படை என்றேனும் வெளியேறினால் அந்நிலம் தேசியப் பூங்காவுக்கே சேரும் என்று 1972லேயே சட்டம் இயற்றினார்கள். தளத்தை மூடும் அறிவிப்பு வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. நிலம் கைமாறியது 1994இல். 1996இல் தனி அறக்கட்டளை அமைத்து, 2013க்குள் தன் செலவைத் தானே ஈட்டவேண்டும் என்று கெடுவும் விதித்தார்கள். அது நிறைவேறியது. அமெரிக்காவில் எல்லாத் தளங்களும் இப்படிப் பிழைக்கவில்லை. ஆனாலும் கேள்வியை முன்கூட்டியே கேட்டால் விடை காண அவகாசம் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

நமக்கும் அவகாசம் இருந்தது. 2017க்கும் 2021க்கும் இடையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். பாதுகாப்பு அமைச்சகத்தைக் குறைகூறும் நாம், நம் வாயில் அப்போது என்ன இருந்தது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மந்தைகள் கலைவதற்குமுன் அவற்றின் பதிவேடுகளைக் காக்கவேண்டும் என்ற கோரிக்கை வளாகங்களிலிருந்தல்லவா எழுந்திருக்க வேண்டும்?

இது முடிந்த கதையன்று. 2023 ஏப்ரலில் இமாச்சலத்தின் காஸ் யோல் கண்டோன்மெண்ட் என்னும் தகுதியை இழந்தது. எஞ்சிய 61 கண்டோன்மெண்டுகளின் குடிமக்கள் பகுதிகளையும் உள்ளாட்சிகளோடு இணைக்கும் பேச்சு நடக்கிறது. அங்கும் நிலக்கணக்கு மட்டும் எடுக்கப்பட்டால், ஆவணங்களும் மரங்களும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் ‘இதர இனங்கள்’ என்னும் தலைப்பில் கரைந்துபோகும்.

ஆகவே நண்பர்களே, உங்கள் ஊருக்கு அருகில் படை விட்டுப்போகவிருக்கும் இடம் எதுவாயினும் இன்றே மூன்று பட்டியல்களைத் தயாரியுங்கள்: அங்கே என்ன அறிவு சேர்ந்திருக்கிறது, அதை நம்பி யார் வாழ்கிறார்கள், படை வருமுன் அந்நிலம் யாருடையதாக இருந்தது. இம்மூன்றையும் அறியாமல் வகுக்கும் புதிய பணி, ஏலத்துக்கு முந்தைய அறிவிப்பாகவே முடியும்.