மனையைப் பிரிக்கும் முன்னால் ஒரு குழி தோண்டுங்க! ஜவ்வாது மலையின் ஊத்துத் தண்ணிக்காக ஒரு கோரிக்கை



"பத்து வருஷமாச்சு, எங்க வீட்டு செப்டிக் டேங்க் ஒரு தடவைகூட நிறையல!" இப்படிப் பெருமையா சொல்றவங்களை எல்லா ஊரிலும் பார்த்திருப்பீங்க. அடுத்த முறை யாராவது சொன்னா ஒரு கேள்வி கேளுங்க. நிறையலன்னா, அதெல்லாம் எங்க போச்சு?

பதில் எளிது. அடியில் தளம் போடாம நாலு உறை இறக்கி, மேல ஒரு மூடி போட்டு, அதுக்கு செப்டிக் டேங்க் என்று பேர் வச்சிருக்கோம். உள்ளே போனது மண்ணுக்குள்ள போயிடுச்சு. ஆழமான மண் உள்ள சமவெளியிலேயே இது தப்பு. ஜவ்வாது மலையில் இது கீழ்ஊர்க்காரங்க குடிக்கிற ஊத்துக்கு நாமே குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி.

பலரும் நினைக்கிறது போல செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் பண்றதில்லை. கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவுல இருக்கிற தண்ணி வெளியே போகும். பார்க்க ஓரளவு தெளிவா இருக்கும் அந்தத் தண்ணியில் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் தரக்கூடிய கிருமிகள் அப்படியே இருக்கும். மிச்ச வேலையைச் செய்ய வேண்டியது மண். காத்தோட்டமுள்ள மண்ணுக்குள்ள மெதுவா இறங்கும்போதுதான் கிருமிகள் வடிகட்டப்பட்டு சாகும். அதாவது உங்க வீட்டுக் கழிவு நிலையத்தின் பாதி, நீங்க கட்டாத பாதி, மண்ணுதான்.

அந்த மண்ணு ஜவ்வாது மலையில் எவ்வளவு இருக்கு? பள்ளத்தாக்கில், சாமை விதைக்கிற கொல்லையில், செம்மண் ஓரளவு ஆழமா இருக்கும். சரிவுல ஏறினா கடப்பாரை சீக்கிரமே பாறையில் 'டங்'னு மோதும். அந்தப் பாறையில் வெடிப்பு இருந்தா இன்னும் மோசம். கழிவுநீர் வடிகட்டப்படாமல் வெடிப்பு வழியா ஓடி, ரொம்ப தூரம் தள்ளி எங்கோ ஊத்தா வெளியே வரும். இந்த மலையில் பிறக்கிற செய்யாறும் கமண்டல நாகநதியும் மிருகண்டா நதியும் கீழே எத்தனை ஊருக்குத் தண்ணி கொடுக்குது என்று போளூர், கலசபாக்கம், ஆரணித் தோழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மலை மேல பிரச்சினைன்னா அது மலையாளிப் பழங்குடி மக்களோட பிரச்சினை மட்டும்தான் என்று யாரும் ஒதுங்கிக்க முடியாது.

இதை இப்ப ஏன் பேசணும்? பக்கத்து ஏலகிரி எப்படி விடுதிகளும் காட்டேஜுகளுமா மாறிச்சு என்று கண்ணால பார்த்தவங்க நாம. ஜமுனாமரத்தூருக்குக் கோடை விழா, பீமன் அருவி, ஏரிப் படகு என்று கூட்டம் வருது. அதுக்குப் பின்னாலேயே பண்ணை வீடு, 'மலைக்காற்று மனை' விளம்பரமும் வரும். இன்னொரு பக்கம், நம்ம மக்களுக்கு வேண்டிய அரசு வீடுகள். 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். மலை மேல சிமெண்டும் கம்பியும் மணலும் ஏத்துற வண்டி வாடகையிலேயே ஒரு பங்கு கரைஞ்சிடும். மிச்சத்துல கழிவறைக் குழிக்கு என்ன வரும்? அதே நாலு உறைதான்.

விதி இல்லாம இல்ல, தோழர்களே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 என்ற தர விதி 1985-லேயே இருக்கு. உறிஞ்சுகுழி கிணறு போன்ற குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்கணும். வீட்டிலிருந்து 6 மீட்டர், சுமார் 20 அடி.

இப்ப 1,200 சதுர அடி மனையை எடுத்துக்குங்க. 30-க்கு 40. அதில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப் பிடிச்சா 50 அடி. போர்வெல்லை ஒரு மூலையிலும் உறிஞ்சுகுழியை எதிர் மூலையிலும் போட்டாலும் 60 அடி கிடைக்காது! பக்கத்து மனைக்காரர் போர் எங்க போட்டார் என்பது அடுத்த கேள்வி. மனையைச் சின்னதா பிரிச்சு வித்தவர் காசை வாங்கிட்டுப் போயிட்டார். விதியை மீறின குற்றம் மட்டும் வாங்கினவர் தலையில்.

அதே விதி இன்னொன்றும் சொல்லுது. உறிஞ்சுகுழி போடும் முன்னால் மண்ணைச் சோதிக்கணும். பெரிய ஆய்வகம் தேவையில்லை. குழி வரப்போற ஆழத்துக்கு ஒரு சின்ன பொந்து தோண்டி, அடியில் கொஞ்சம் கரடுமணல் போட்டு, தண்ணி ஊத்தி ஒரு ராத்திரி ஊற விடணும். மறுநாள் திரும்ப ஊத்தி, தண்ணி 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிஷம் ஆகுது என்று பார்க்கணும். 30 நிமிஷத்துக்குள்ளன்னா உறிஞ்சுகுழி போடலாம். 30-லிருந்து 60 வரைன்னா நீளமான கசிவு வாய்க்கால்தான். 60-ஐத் தாண்டினா அந்த மண்ணை நம்பவே கூடாது, வடிகட்டி அமைப்பு வேணும். வெடிப்புப் பாறையா இருந்தா தண்ணி சர்ருனு இறங்கும். அதைப் பார்த்து சந்தோஷப்படக் கூடாது. அங்கேயும் உறிஞ்சுகுழி வேண்டாம் என்றுதான் விதி சொல்லுது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையைச் சித்திரை வெயில்ல செய்துட்டு 'பாஸ்' போட்டா ஏமாறாதீங்க. ஐப்பசி, கார்த்திகையில் ஊத்து பொங்கும்போது தோண்டச் சொல்லுங்க.

ஒரு கடப்பாரை, ரெண்டு குடம் தண்ணி, ஒரு கடிகாரம். செலவு இவ்வளவுதான். அமெரிக்காவில் பல மாநிலங்களில், சாக்கடை இணைப்பு இல்லாத மனை இந்தச் சோதனையில் தேறலன்னா வீடு கட்டவே அனுமதி கிடைக்காது. நம்ம ஊரில் மனைப்பிரிவு அனுமதிக்குப் போனா சாலை அகலம் எவ்வளவு, பூங்காவுக்கு எவ்வளவு விட்டீங்க என்று கேட்கிறாங்க. கேட்க வேண்டியதுதான். ஆனா வரைபடத்தில் 'உறிஞ்சுகுழி' என்று போட்ட அந்தச் சின்ன வட்டத்துக்குக் கீழே மண்ணா பாறையா என்று தாள் சொல்லாது.

"டேங்க் நிறைஞ்சா லாரி வரும்" என்று சிலர் சொல்வாங்க. மலைப்பாதையில் லாரி ஏறி வர்ற வாடகையை யார் கொடுப்பாங்க? எடுத்ததை எங்க கொண்டுபோய்க் கொட்டுவாங்க? சுத்திகரிப்பு நிலையம் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தா காட்டோரமும் ஓடையும்தான் நிலையம். லாரி வரலன்னா, 2013 சட்டம் தடை செய்த பிறகும், ஒரு ஏழைத் தொழிலாளியை உள்ளே இறக்கச் சொல்வாங்க. அதை நம் கட்சி ஒருபோதும் ஏற்காது.

நாம வீட்டுக்கு எதிரி இல்லை. மலையில் ஒழுகாத கூரையும் கதவுள்ள கழிவறையும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேணும், அதுக்காகத்தான் போராடிட்டு வர்றோம். நம்ம கோரிக்கை இதுதான்: ஜவ்வாது மலையில் எந்த மனைப்பிரிவுக்கும் விடுதிக்கும், மனையைப் பிரிக்கிறதுக்கு முன்னாலேயே, ஊர் மக்கள் முன்னிலையில் மண் சோதனை. செலவு நிலத்தை விற்கிறவருடையது. தேறாத இடத்தில் மனை அளவைப் பெரிசாக்கணும், இல்லன்னா எல்லா வீட்டுக்கும் சேர்த்து கல்படுகையும் நாணலும் வச்ச பொதுச் சுத்திகரிப்பு. ஆரோவில்லில் பல குடியிருப்புகளில் இது ஓடிட்டிருக்கு, ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. அரசு தொகுப்பு வீடுகளுக்கோ இந்தச் செலவை வீட்டுத் தொகைக்கு மேலே அரசே தனியா கொடுக்கணும். பயனாளி கையில் இருந்து ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அடுத்து வர்றதில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமா எழுதி வையுங்க. பதிவேட்டில் ஏறிச்சா என்று பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க.

அதுக்கு முன்னால ஒரு வேலை. உங்க ஊர் ஊத்துக்கும், அதுக்கு மேல்சரிவுல இருக்கிற முதல் கழிவறைக் குழிக்கும் நடுவுல எத்தனை அடி? டேப் வச்சு அளந்து, ஊர்ப் பேரோட கீழே எழுதுங்க.

#ஜவ்வாதுமலை #ஊத்துத்தண்ணி #மண்சோதனை