கணக்கைக் காட்டுங்கள்!

தாம்பரம் சானடோரியம் என்றாலே தமிழகத்தார் அறிவர். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளருக்கென எழுப்பிய மருத்துவமனை, பின்னர் அரசினுடையதாயிற்று. எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 2004 ஏப்ரலில் இந்நாட்டில் இலவசமாக வழங்கத் தொடங்கிய எட்டு அரசு மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. சாவை நோக்கிப் படுத்திருந்தோர் எழுந்தனர், உழைக்கின்றனர், பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர்.

அப்படி எழுந்த ஒருவர் ஆயுள் காப்பீடு கேட்டு விண்ணப்பத்தை நீட்டுகிறார். நோய் பற்றிய கட்டத்தில் உண்மையை எழுதுகிறார். அவரைப் போன்ற பலருக்கும் வரும் விடை ஒற்றை வரி: ஏற்பதற்கில்லை! மருத்துவம் 'வாழ்வாய்' என்கிறது. காப்பீட்டு அலுவலகம் 'மாள்வாய்' என்கிறது. எது அறிவியல், எது ஆரூடம்?

இடர் மிகுந்தவரிடம் பிரீமியம் கூடுதலாகக் கேட்பதே குற்றம் என்று நாம் கூறவில்லை. கணக்குக்குப் பகைவரல்லர் பகுத்தறிவாளர். கணக்கின் போர்வையில் அச்சமும் அருவருப்பும் உலவுவதையே எதிர்க்கிறோம்.

வரலாற்றைப் பாருங்கள். வெள்ளையர் இங்கே ஆயுள் காப்பீட்டுக் கடை விரித்தது 1818-இல், கல்கத்தாவில். சென்னைக்கு 1829-இல் 'மெட்ராஸ் ஈக்விடபிள்' வந்தது. அந்நாளில் இந்திய உயிர் 'தரம் குறைந்த உயிர்' எனப்பட்டது. அதற்குக் கூடுதல் பிரீமியம் கேட்டனர். 1870-இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல், இந்தியருக்கும் வழக்கமான கட்டணமே என்றது. நேற்று ஓர் இனமே இடர் மிகுந்த இனம்! இன்று அந்த முத்திரை வேறொருவர் நெற்றியில்.

ஆயுள் காப்பீடு 1956-இல் நாட்டுடைமையான பின்னும் வேலி முற்றும் விழவில்லை. ஒரு வகைப் பாலிசி, அரசு ஊழியருக்கும் பேர்பெற்ற நிறுவன ஊழியருக்கும் மட்டுமே என எல்.ஐ.சி. வரம்பு கட்டியிருந்தது. குரோம்பேட்டையில் தோல் பதனிடும் கூலியாளுக்கு அது எட்டாக்கனி. அந்த வரம்பு செல்லாது என்று உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. உயிருக்குச் சம்பளப் பட்டியலா சான்று?

இப்போது சட்டமே நம் பக்கம் நிற்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பிலுள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, காப்பீட்டு வல்லுநரின் கணக்காய்வு ஆதாரமின்றி இவர்களுக்குக் காப்பீடு மறுப்பதைத் தடுக்கிறது. ஆதாரம் எங்கே? மருந்து வருமுன் மாண்டவர்களின் பட்டியலை வைத்து, மருந்து உண்டு வாழ்பவரின் ஆயுளை அளப்பதா? தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்று, விடாது மருந்து உண்பவர் ஏறத்தாழ மற்றவரைப் போலவே நெடுநாள் வாழ்கிறார்.

"நோயாளரை எல்லாம் சேர்த்தால் நலமுள்ளோர் தலையில் சுமை ஏறும்" என்பர். மருத்துவக் காப்பீட்டில் இதற்கு விடை தமிழகத்திலேயே இருக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, முதலமைச்சரின் திட்டமாகத் தொடர்வதில் பழைய நோயைக் கேட்டுக் கதவடைப்பதில்லை. பிரீமியத்தை அரசு செலுத்துகிறது. கூட்டம் பெரிதானால் சுமை பரவிச் சிறுக்கும். ஆனால் வருமான வரம்பைச் சற்றே தாண்டிய குமாஸ்தாவுக்கு அந்தக் கதவு இல்லை. அவர் தனியார் வாயிலில்தான் நிற்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "நோயை எழுதாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று காதோடு சொல்லும் முகவர் உண்டு. நம்பாதீர். அவருக்குக் கமிஷன் கிடைத்துவிடும். பாலிசி எடுத்து மூன்றாண்டுக்குள் சாவு நேர்ந்தாலோ, நிறுவனம் பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடும். மறைத்தது தெரிந்தால் பணத்தை மறுக்கும். விதவையிடம் 'விதி' என்பர். எந்த விதி? தலைவிதியன்று, தாளின் அடியில் சிற்றெழுத்தில் அச்சிட்ட விதி!

எனவே தோழர்களே, உண்மையை எழுதுங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எந்த ஆய்வு, எந்த ஆண்டுக் கணக்கு என்று வினவுங்கள். விடை வராவிடில், மாநிலந்தோறும் அமர்த்தும்படி அச்சட்டமே பணித்துள்ள குறைகேள் அதிகாரிக்கு மனு போகட்டும். அம்மனுக்களை எழுதித் தரும் பணியைத் தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்து இளைஞர் மன்றங்கள் ஏற்கட்டும். மாலையில் படிப்பகத்தில் ஒரு மேசையும் இரண்டு தோழர்களும் போதும்.