வைகாசியில் காதுகுத்தா, தையில் காதுகுத்தா?

'ஒரு ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் பூ ஏற்றும் வேன் ஓட்டுகிறார். மதியம் கிளம்பினால் மறுநாள் விடியற்காலம்தான் திரும்புவார். மகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். மகள் மாசியில் பிறந்தவள். இரண்டு வயது முடிந்து மூன்று நடக்கிறது. "ஒத்தப்படை வயசுலதான் காது குத்தணும், வைகாசிய விட்டா நாலாயிரும்" என்கிறார் மாமியார். வைகாசியில்தான் எங்களுக்குப் பூ அதிகம். செலவுக்குப் பூக்கடையில் அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது என்றே தெரியவில்லை.'
- ஒரு வாசகி, நிலக்கோட்டை வட்டாரம்.

முதலில் வயதுக் கணக்கைப் பார்த்துவிடலாம். மாசியில் பிறந்த பெண்ணுக்கு மூன்றாவது வயது அடுத்த மாசி வரைக்கும் ஓடும். வைகாசி போனால் ஆனி இருக்கிறது, ஆவணி இருக்கிறது, ஐப்பசி, கார்த்திகை, தை எல்லாம் இருக்கின்றன. தை மாதத்தில் காது குத்தினாலும் அவளுக்கு நடப்பது மூன்றுதான். மாமியார் சொல்லும் ஒற்றைப்படைக் கணக்கு அப்படியே நிற்கும். ஆகவே அவரோடு வாதாடத் தேவையில்லை. அவர் சொன்ன முறையை மீறாமலேயே நாளை மட்டும் தள்ளிவைக்கலாம்.

தள்ளிவைப்பது ஏன் நல்லது என்பதைச் செடியே சொல்லும். மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டும் என்பதுதான் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கவாத்துக்குப் பிறகு மார்கழி, தை முழுக்கச் செடி துளிர் விட்டுக்கொண்டிருக்கும். பனியும் சேர்ந்துகொள்வதால் பூ அருமையாகத்தான் கிடைக்கும். பொங்கலை ஒட்டி மல்லிகை விலை ஆயிரங்களில் ஏறுவது அதனால்தான். விலை ஏறினால் என்ன, அந்த நேரத்தில் தோட்டத்தில் இருக்கும் பூவை ஒரே ஆள் பறித்து முடித்துவிடலாம். பங்குனியில் தொடங்கும் பூ, சித்திரை, வைகாசி, ஆனியில் கொட்டும். நன்றாகப் பராமரித்த தோட்டத்தில் ஏக்கருக்கு ஆண்டு முழுவதும் சுமார் 3 டன் பூ எடுக்கலாம் என்றால், அதில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் வரும்.

மல்லிகை மொட்டாக இருக்கும்போதே, வெயில் ஏறுவதற்கு முன் பறித்தாக வேண்டும். அன்றைக்கு விட்ட மொட்டு இரவில் மலர்ந்துவிடும். மறுநாள் அது மாலைக்கும் ஆகாது, மார்க்கெட்டுக்கும் ஆகாது. தக்காளியைப் போல 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட முடியாது. காதுகுத்து என்றால் விழா ஒரு நாள்தான். ஆனால் அழைப்பு, ஜவுளி, பந்தல், சமையல், வந்தவர்களை வழியனுப்புவது என்று வீட்டில் ஒரு வாரம் வேலை கெட்டுவிடும். பூ கொட்டும் நேரத்தில் பறிக்கிற ஆட்களும் மற்ற தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். போனவர்களை மறுபடி பிடிப்பது லேசில்லை.

மதுரை மல்லி என்ற பெயரில் 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூவுக்கு நிலக்கோட்டைத் தோட்டங்களும் சொந்தம். ஊரெல்லாம் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று கொண்டாடும் நாளில்தான் இந்தத் தோட்டக்காரர்களுக்கு ஓய்வே இருக்காது. மாசியில் திண்டுக்கல் கோட்டை மாரியம்மனுக்கும் நத்தம் மாரியம்மனுக்கும் திருவிழா என்றால் பூ வேண்டும். ஓணம் வந்தால் கேரளத்துக்கு லோடு போக வேண்டும். பூக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களின் விசேஷத்தைத் தெரிந்துகொள்வதே அப்பா எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்பதை வைத்துத்தான்.

அடுத்து பணம். வாசகியின் கடிதத்தில் உண்மையில் பயப்பட வேண்டிய வரி பூக்கடை அட்வான்ஸ்தான். வட்டி இல்லாத பணம் என்று தோன்றும். நோட்டில் வட்டி என்று ஒரு பைசா இருக்காது. ஆனால் அட்வான்ஸ் வாங்கியவர் அந்தக் கடைக்குத்தான் பூ போட வேண்டும். பக்கத்துக் கடையில் விலை கூடுதலாகக் கேட்டாலும் போக முடியாது. சீசனில் 2,000 கிலோ பூ வருகிறது, கட்டுப்பட்ட கடையில் கிலோவுக்கு 10 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் போனது 20,000 ரூபாய். ஒரு லட்சம் அட்வான்ஸுக்கு அதுதான் வட்டி. எடை, கழிவு என்று கேள்வி கேட்கும் தைரியமும் அதோடு போய்விடும். சீசன் முடியும்போது கணக்கு நேராகாவிட்டால், அடுத்த சீசனின் பூவும் இப்போதே அந்தக் கடைக்குப் போனதாகத்தான் அர்த்தம். உரம் வாங்கவோ, மோட்டார் பழுது பார்க்கவோ வாங்கும் அட்வான்ஸுக்காவது ஒரு நியாயம் உண்டு. அந்தப் பணம் தோட்டத்துக்குள்ளேயே போகிறது. பிரியாணிக்கு வாங்கிய அட்வான்ஸ் அன்று மாலையே இலையோடு போய்விடும்.

'மொய் வருமே' என்பார்கள். வரும். ஆனால் மொய் வருமானம் இல்லை. ஊரில் நூறு வீட்டில் வாங்கிய சின்னச் சின்னக் கடன் அது. வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் திருப்பிச் செய்ய வேண்டும். திருப்பிச் செய்ய வேண்டிய நாட்களும் முகூர்த்த மாதங்களில்தான் வரிசையாக வரும். அதனால் மொய் நோட்டில் வரவைக் கூட்டும்போதே, இதுவரை இந்த வீடு வெளியே செய்த மொய்யில் திரும்பி வந்தது எவ்வளவு, புதிதாகத் தலையில் ஏறியது எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது. முதல் தொகையை மட்டும் செலவுக்கு நம்பலாம்.

தை வரை காத்திருப்பதில் இன்னொரு லாபம் இங்கேதான் கிடைக்கிறது. சீசனில் 20 வாரம், வாரம் 2,500 ரூபாய் எடுத்துவைத்தால் 50,000 ஆகிவிடும். தபால் நிலையத்திலோ கூட்டுறவு வங்கியிலோ தனிக் கணக்கில் போட்டுவைத்தால் கை தொடாது. அந்த 50,000-க்குள் நடக்கிற விழாவாகத் திட்டமிடலாம். குலதெய்வக் கோயிலில் பங்காளிகள், மாமன் வீடு, நெருங்கிய உறவு என்று 60, 70 பேர். ஒரு கிடா. ஊரைக் கூட்டி மண்டபம் பிடிப்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரியப்போவதும் இல்லை. மாமியார் கேட்டது காது குத்துவதைத்தான், மண்டபத்தை இல்லை.

தையில் எந்த நாள் என்று கேட்டால், தாய்மாமனின் லீவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மடியில் உட்காரவைத்து மொட்டையடிக்கவும் காது குத்தவும் மாமன் வேண்டும். இந்தப் பக்கத்து மாமன்களில் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தீபாவளியை விட்டால் பொங்கலுக்குத்தான் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும். மாட்டுப் பொங்கல் கழிந்து இரண்டு, மூன்று நாளில் வைத்தால் அவர் சம்பளத்தை இழக்காமல் வந்து போகலாம். முகூர்த்த நாள் இல்லாத நாளாகப் பார்த்தால் வீட்டுக்காரருக்கும் லோடு குறைவாக இருக்கும். சமையல்காரரும் வேனும் பேரம் பேசுகிற விலைக்குக் கிடைப்பார்கள். குலதெய்வக் கோயில் பழனி சாலைப் பக்கம் என்றால் தைப்பூசத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிட வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி வரைக்கும் பாதயாத்திரைக் கூட்டம் இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கும்.

வீட்டிலேயே வேன் இருப்பதால், 'நம்ம வண்டியிலயே எல்லாரும் போயிரலாம்' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதற்கு மட்டும் தலையாட்டக் கூடாது. சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி தவறு. கவிழ்ந்தால் இழப்பீடு கேட்டு நிற்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது அதைத்தான். கிடா வெட்டுக்குப் போன வண்டி கவிழ்ந்தது என்று செய்தித்தாளில் வராத வருஷமே இல்லை. ஆள் ஏற்றும் உரிமம் உள்ள வேன் ஒன்றைப் பேசிக்கொள்வதே நல்லது. அன்றைக்கு ஸ்டியரிங்கில் பிள்ளையின் அப்பா உட்காராமல் இருப்பதும் நல்லது. முந்தின இரவு லோடு ஓட்டிவிட்டு வந்தவர் அவர். தன் மகளின் காதுகுத்தை அவரும் ஒரு ஓரமாக நின்று பார்க்க வேண்டாமா?

அப்பாவின் வேலையைப் பற்றிச் சொல்லும்போது, வாசகி எழுதாமல் விட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. விடியற்காலம் அவர் வீட்டுக்கு வரும்போது இவர் தோட்டத்தில் இருப்பார். இவர் பூவோடு திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். இடையில் இரண்டு பிள்ளைகளும் அப்பத்தா பொறுப்பில். பள்ளி நாட்களில் பெரியவனுக்குக் கவலை குறைவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியிலேயே காலை உணவு உண்டு. 2024 ஜூலையிலிருந்து கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் உண்டு. பூப்பறிக்கிற அம்மாக்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் பூ கொட்டும் மே மாதத்தில்தான் பள்ளியே லீவு. அங்கன்வாடிக்கும் அந்த மாதத்தில் சில நாள் விடுமுறை உண்டு. அதாவது வேலை அதிகமாக இருக்கும்போதுதான் பிள்ளைகள் முழு நேரமும் வீட்டில் இருக்கிறார்கள். அந்த ஒன்றரை மாதத்துக்கு அம்மாச்சியைக் கூட்டிவந்து வைத்துக்கொள்வதோ, பக்கத்துத் தோட்டத்து வீட்டோடு முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதோ இப்போதே பேசிவைக்க வேண்டியது. காதுகுத்தை விட இது அவசரம்.

வேறு வழியில்லாமல் சின்னவளைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக நேரும். மரத்தில் தூளி கட்டுவது தவறில்லை. மொட்டுப்புழுவுக்கு மருந்து அடித்த தோட்டமா என்று மட்டும் பார்க்க வேண்டும். அடித்த வரப்பில் உட்காரவைப்பது, அடித்த செடியிலிருந்து பூவைப் பறித்து விளையாடக் கொடுப்பது, மீந்த மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிவைப்பது, இந்த மூன்றும் கூடவே கூடாது. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாட்டிலின் நிறம்தான் தெரியும். தோட்டத்தில் மேடையில்லாத கிணறு இருந்தால் தூளியை அதற்கு எட்டாத பக்கமாகக் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

வேனை விட்டு இறங்கியதும் மகனைப் பள்ளிக்கும் மகளை அங்கன்வாடிக்கும் பைக்கில் கொண்டுபோய் விடுவது அப்பாவின் வேலையாக இருக்கிறது என்றால், அந்தப் பத்து நிமிடம்தான் அவருக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கிற நேரம். அதைக் கெடுக்க வேண்டாம். ஆனால் இரவு முழுக்க விழித்த கண்ணோடு பைக் எடுப்பதற்குப் பதிலாக, பள்ளி பக்கத்தில் இருந்தால் கையைப் பிடித்து நடந்தே போகலாம். பைக்தான் என்றால், 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிப்படி, நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஓட்டுபவரோடு பெல்ட் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். 9 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அதன் அளவுக்கு ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைப்பது பழக்கமாகிவிட்ட ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மாலையில் மகன் அப்பாவைத் தேடி அழுதால் போனைப் போட்டுக் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த போன் வேண்டாம். அவர் வழியில் டீ குடிக்க நிறுத்தும்போது அவரே கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டால் போதும். அந்த நேரம் பழகிவிட்டால் பிள்ளையும் காத்திருக்கக் கற்றுக்கொள்வான்.

காதுகுத்துக்கு முன் ஒரு நாள் மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். 6, 10, 14-வது வாரங்களில் போட்ட ஊசிகளோடு, 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய டிபிடி பூஸ்டரும் பதிவாகியிருந்தால் ரணஜன்னிக்குப் பாதுகாப்பு இருக்கும். விட்டுப்போயிருந்தால் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு இப்போதே போட்டுவிடலாம். தை வரை நேரம் இருக்கிறது. மொட்டையடிக்கும் இடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் புது பிளேடா என்று மாமன் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். காது குத்தும் ஆசாரி ஊசியையோ கம்பியையோ முன் பிள்ளைக்குப் போட்டதை அப்படியே போடக் கூடாது. கையைக் கழுவிவிட்டுத் தொடச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. குத்திய பிறகு மடல் வீங்கிச் சூடாகவோ சீழ் வைத்தோ இருந்தால் மஞ்சளும் எண்ணெயும் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். முதல் கம்மலுக்குக் கனமான தோடும் ஜிமிக்கியும் வேண்டாம், மெல்லிய கம்பியே போதும். தூக்கத்தில் புரளும்போது இழுபடாமல் இருக்கும்.